உள்மனம் சொல்வதை எங்கே நம்பலாம், எப்படிப் பழக்கலாம்

வன்னியில் இரணைமடுக் குளத்தின் கீழ் பல போகம் கண்ட கமக்காரர் ஒருவரோடு வயல் வரம்பில் நடந்தால் ஒன்றைக் காணலாம். ஏதோ கதைத்துக்கொண்டு முன்னால் போகிறவர் திடீரென நிற்பார். வயலுக்குள் இறங்கி, பயிரின் அடித்தண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "அறக்கொட்டி தொடங்கிட்டுது" என்பார். நெற்பயிரைத் தாக்கும் பூச்சி அது. நம் கண்ணுக்கு அந்த இடமும் பக்கத்து இடமும் ஒரே பச்சைதான். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால், "பாக்கத் தெரியுதுதானே தம்பி" என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. பயிர் நிறத்தில் லேசான மங்கல், காற்றுக்கு அது அசைந்த விதம், போன வருடம் இதே மூலையில் வந்த சேதம் எல்லாம் அவர் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே ஒன்றுசேர்ந்து "இங்கே சரியில்லை" என்று சொல்லிவிட்டன. காரணம் பிறகுதான் வருகிறது. சில வேளை வராமலே போகிறது.

இப்படி வரும் அறிவைப் புதிதாகப் பழக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நியமனத்தில் துணுக்காய்க்கோ நெடுங்கேணிக்கோ வந்திருக்கும் ஆசிரியர், வைத்தியசாலை விடுதியில் வேலை தொடங்கிய தாதி, தகப்பனுக்குப் பிறகு கமத்தைப் பொறுப்பெடுத்த பிள்ளை, யாராகவும் இருக்கலாம். என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். உள்ளுணர்வு சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று நான் நினைக்கவில்லை. ஓர் இடத்தோடும் ஒரு வேலையோடும் நெடுநாள் பழகியதால் சேர்ந்த அறிவு அது. அதனால் எவரும் அதை வளர்க்கலாம். அதே காரணத்தால், பழகாத இடத்தில் அது அதே உறுதியான குரலில் பிழையும் சொல்லும். வளர்ப்பது ஒரு வேலை, எங்கே அதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வது இன்னொரு வேலை. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அது எங்கிருந்து வருகிறது

1973 இல் வில்லியம் சேஸ், ஹேர்பேட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சதுரங்க ஆட்டக்காரர்களுக்குக் காய்கள் வைத்த பலகை ஒன்றைச் சுமார் 5 விநாடி காட்டி மறைத்தார்கள். பிறகு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவில் எடுத்த நிலை என்றால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். புதியவருக்குச் சில காய்கள்தான் நினைவில் நின்றன. ஆனால் காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. தேர்ந்தவரின் நினைவாற்றல் பெரிது என்றால் தாறுமாறான பலகையிலும் அவர் வென்றிருக்க வேண்டும். அவரிடம் இருந்தது ஏற்கெனவே கண்டு பழகிய ஆயிரக்கணக்கான அமைப்புகள். உள்ளுணர்வு என்பது அடையாளம் கண்டுகொள்வதுதான், அதற்கு மேல் அதில் மர்மம் இல்லை என்று சைமன் பின்னாளில் சொன்னார்.

நம் பக்கத்தில் இதை விளங்கிக்கொள்ளச் சதுரங்கப் பலகை தேவைப்படாது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று, தண்ணீரின் நிறத்தையும் பறவைகள் விழும் இடத்தையும் பார்த்து "அங்கை வளை" என்று சொல்லும் அனுபவசாலியை நினைத்துப் பாருங்கள். அவரையே முத்தையன்கட்டுக் குளக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் அவரும் நம்மைப் போலத்தான் நிற்பார். கடல் அவருக்குக் கொடுத்த அறிவு குளத்துக்குச் செல்லாது.

கோயிலில் பூ வைத்துப் பார்ப்பது, பல்லி சொல்வது, குறி கேட்பது போன்றவற்றோடு இதைச் சேர்க்க வேண்டாம். அவை நம்பிக்கை சார்ந்தவை. இங்கே நான் பேசுவது பழக்கிச் சோதிக்கக்கூடிய ஒன்றைப் பற்றி.

முதலில் களத்தைத் தெரிவு செய்யுங்கள்

"எனக்கு உள்ளுணர்வு வளர வேண்டும்" என்று பொதுவாக ஆசைப்பட்டுப் பலனில்லை. எதில் என்று கேட்க வேண்டும். 2009 இல் டானியல் கானமன், கரி கிளைன் என்ற இரு உளவியலாளர்கள் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. முன்னவர் நிபுணர்களின் உள்ளுணர்வைச் சந்தேகித்தே பேர் பெற்றவர், பொருளியலுக்கான நோபல் பரிசை 2002 இல் பெற்றவர். பின்னவர் தீயணைப்பு வீரர்களோடும் தாதியரோடும் திரிந்து அவர்களின் உள்ளுணர்வை வியந்தவர். வாதாடித் தீர்க்கலாம் என்று சேர்ந்தவர்கள் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். ஒன்று, அந்தக் களத்தில் குறிகளும் விளைவுகளும் ஓர் ஒழுங்கோடு தொடர்புபட்டிருக்க வேண்டும். மற்றது, அந்த ஒழுங்கைக் கற்க நெடுநாள் பழக்கமும், சொன்னது சரியா பிழையா என்று தெரிவிக்கும் மறுமொழியும் கிடைக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள்: ஒருவருக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது அது சரியா என்பதற்கு அளவுகோல் ஆகாது.

இதை எங்கள் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். மாட்டின் நடையைப் பார்த்து அதற்குச் சுகமில்லை என்று சொல்வது, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் எஞ்சின் சத்தத்தில் கோளாறைப் பிடிப்பது, வகுப்பின் முகத்தைப் பார்த்துப் பாடம் விளங்கவில்லை என்று உணர்வது, இவையெல்லாம் நல்ல களங்கள். குறி ஒழுங்காக வரும், பதில் அன்றைக்கே அல்லது இரண்டொரு நாளில் தெரியும். அடுத்த வருடம் நெல் என்ன விலை போகும், எந்த லொத்தர் விழும், எந்த முகவர் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பிவைப்பார் என்பவை கூடாத களங்கள். வாழ்நாள் முழுதும் யோசித்தாலும் இவற்றில் உள்மனம் தேறாது. ஆனால் குரல் மட்டும் உரத்துத்தான் கேட்கும்.

மனிதரை எடைபோடுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் பத்து நிமிடம் கண்டு ஒருவரின் குணத்தை அளந்துவிட்டதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் வேண்டாம் என்று தட்டிக்கழித்தவர் நல்லவரா என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவராது. பிழையைக் காட்டித்தரும் மறுமொழி அங்கே வருவதே இல்லை. பல காலம் ஒன்றாக வேலை செய்தவரைப் பற்றிய உணர்வு வேறு. அதற்கு மதிப்புண்டு.

சரி, உங்கள் நாளாந்த வேலையில் பதில் விரைவாக வரும் ஒரு சின்ன விடயத்தை எடுங்கள். ஒன்றே போதும்.

ஊகத்தை எழுதி, பிறகு சோதியுங்கள்

இந்தப் படிதான் மிகவும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலபோக அறுவடை முடிந்து வீதியோரம் நெல் காயும் காலத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்பார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லைத்தான் கேட்கிறது. ஆலையிலும் கொள்வனவு நிலையத்திலும் ஈரப்பதன் மானி இருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது. மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளுங்கள், உள்ளங்கையில் உருட்டுங்கள், ஒரு மணியைக் கடியுங்கள், உடையும் சத்தத்தைக் கேளுங்கள். "15" என்று தோன்றினால் 15 என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு மானியைப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் இப்படிச் செய்தால், எண் நெருங்கி வருவதை நீங்களே காண்பீர்கள்.

வயல் இல்லாதவருக்கும் வழி உண்டு. ஆசிரியர் வினாத்தாளைத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே எதிர்பார்க்கும் புள்ளியை எழுதலாம். பால் மாடு வைத்திருப்பவர் கறக்க முன் எத்தனை லீற்றர் என்று எழுதலாம். கடை வைத்திருப்பவர் நாளைக்கு எத்தனை றாத்தல் பாண் மிஞ்சும் என்று எழுதலாம்.

இதற்கு ஒரு கொப்பி வையுங்கள். அதில் திகதி, என்ன ஊகம், பத்துக்கு எத்தனை நிச்சயம், என்ன குறியைக் கண்டீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்று எழுதினால் போதும். இரண்டு வரிக்கு மேல் போனால் யாரும் தொடர்ந்து எழுதமாட்டார்கள். குறி எதுவும் பிடிபடாவிட்டால் "தெரியேல்லை, அப்பிடித் தோன்றினது" என்றே எழுதுங்கள். அதுவும் பெறுமதியான தகவல்தான்.

ஏன் முன்கூட்டியே எழுத வேண்டும், மனதில் வைத்திருந்தால் போதாதா? போதாது. 1975 இல் பாரூக் ஃபிஷ்ஹொஃப் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். முடிவு தெரிந்துவிட்டால், அதை முதலே அறிந்திருந்ததாக மனிதர் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். மழை பெய்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, அவர் நினைவே மாறிவிட்டது. அந்த நினைவை வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது. எழுதிய வரி மட்டும்தான் மாறாமல் கிடக்கும்.

நிச்சயத்துக்கு எண் போடுவதும் விளையாட்டல்ல. கொப்பி ஓரளவு நிறைந்ததும், பத்துக்கு எட்டு என்று நீங்கள் எழுதிய ஊகங்களை மட்டும் ஒன்றாகச் சேருங்கள். அவற்றில் பத்தில் எட்டு அளவில் பலித்திருக்கிறதா? ஐந்துதான் என்றால் உங்கள் உள்மனம் தன்னை மிஞ்சிக் கதைக்கிறது, அதன் உறுதியைக் குறைத்து எடுங்கள். பத்தும் பலித்திருந்தால் நீங்கள் தேவையில்லாமல் தயங்குகிறீர்கள். வானிலை எதிர்வுகூறுபவர்களின் கணிப்பை மதிப்பிட 1950 இல் கிளென் பிரையர் கொண்டுவந்த முறையும் இந்த எண்ணத்தில் எழுந்ததுதான். தினமும் சொல்லி, மறுநாளே பதிலைக் கண்டு பழகியதால் அந்தத் தொழிலில் உள்ளவர்கள் தங்கள் நிச்சயத்தை நன்றாக அளக்கப் பழகியிருக்கிறார்கள்.

தெரிந்தவரிடம் கேட்கும் விதம்

கொப்பி தனியாகப் பழக உதவும். ஆனால் முப்பது வருடம் காட்டோடும் குளத்தோடும் வாழ்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது தனியாகப் பழகுவது வீண். அவரிடம் "எப்படித் தெரியும்?" என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, அதற்குள் போய்க் கேட்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரப் பாதையில் ஒரு பெரியவரோடு போகும் இளம் பெண் உத்தியோகத்தர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உரையாடல் இப்படிப் போகலாம்:

"ஐயா, ஏன் இந்தப் பாதை வேண்டாம் எண்டனீங்கள்?"

"ஆனை நிண்டிருக்குப் பிள்ளை."

"எதைப் பாத்தனீங்கள்?"

"அந்தா, லத்தி கிடக்கு. சூடு ஆறேல்லை. வேலிக் கம்பியும் சரிஞ்சு போச்சு."

"அதுக்கு முதலே நிண்டிட்டீங்களே. லத்தியை நாங்கள் கிட்ட வந்துதானே கண்டனாங்கள்?"

பெரியவர் யோசிக்கிறார். "ஓம்… நாய் முன்னாலை போகேல்லை. எப்பவும் முன்னுக்கு ஓடுறது. இண்டைக்கு என்ர காலுக்கை நிண்டது."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. லத்தி பாடப்புத்தகத்திலும் இருக்கும். நாய் வழமையாகச் செய்வதைச் செய்யவில்லை என்பது அவரிடம் மட்டும் இருந்தது. அது அவருக்கே கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். என்ன கண்டீர்கள்? வழமையாக இருக்க வேண்டிய எது இல்லை? அதைக் கண்டதும் அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் எங்கே பிழை விட்டிருப்பேன்? இவற்றில் இரண்டாவதும் நான்காவதும் பொன்னானவை. இருக்கிற குறியைப் புதியவரும் சில வேளை காண்பார். இல்லாத குறியைக் காண, அங்கே என்ன இருக்க வேண்டும் என்று முதலே தெரிந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன கரி கிளைன் இந்த மாதிரிக் கேள்விகளால்தான் பல நிபுணர்களின் வாயைத் திறந்தார். அவர் பதிவுசெய்த ஒரு சம்பவம் பலரும் அறிந்தது. அமெரிக்காவில் ஒரு வீட்டின் சமையலறைப் பக்கம் தீ. தீயணைப்பு அணியின் தலைவர் உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார். தீ அடங்கவில்லை. அறையின் சூடு அந்தத் தீக்கு மிகவும் அதிகம், சத்தமோ மிகவும் குறைவு. ஏதோ சரியில்லை என்று எல்லோரையும் வெளியே எடுக்கிறார். அவர்கள் வெளியேறியதும் நின்ற நிலம் இடிந்து விழுகிறது. தீ கீழ்த்தளத்தில் எரிந்துகொண்டிருந்தது, கீழே ஒரு தளம் இருப்பதே அவருக்குத் தெரியாது. தனக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அவர் நம்பியிருந்தார். கேட்டுக் கேட்டுப் போனபோதுதான் சூடும் சத்தமும் பொருந்தவில்லை என்ற குறி வெளியே வந்தது.

மரியாதை பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களிடம் இப்படிக் கேட்பது குறுக்கு விசாரணை மாதிரித் தோன்றக்கூடாது. ஒரு நாளில் ஒரு சம்பவம் போதும். தேத்தண்ணி குடிக்கும் நேரம் நல்லது. அவர் சொன்னதை அடுத்த முறை நீங்கள் கவனித்ததாகச் சொன்னால், அடுத்த கதை தானாக வரும்.

உடம்பின் குரலும் பழைய பயமும்

உள்ளுணர்வு பலருக்கு உடம்பில்தான் முதலில் வரும். நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், "ஏதோ அந்தரமாக் கிடக்கு" என்பார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. 1997 இல் பெச்சாரா, டமாசியோ என்ற மூளை ஆய்வாளர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், நான்கு கட்டுச் சீட்டுகளிலிருந்து எடுத்து விளையாடியவர்களுக்கு, நட்டம் தரும் கட்டை நோக்கிக் கை போகும்போது, எது கூடாத கட்டு என்று வாயால் சொல்ல முடிவதற்கு முன்பே உள்ளங்கையில் வியர்வை கூடியது. எவ்வளவு முன்பே என்பதில் பிற ஆய்வாளர்கள் பிறகு விவாதித்திருக்கிறார்கள். ஆனால் உடம்பும் கற்கிறது என்பது உறுதி.

இங்கேதான் வன்னியில் வாழ்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். எங்களில் ஒரு தலைமுறையின் உடம்பு போர்க்காலத்தில் கற்றது. விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடவும், எறிகணை குத்தும் ஒலியை வைத்துத் தூரத்தைக் கணிக்கவும் சிறுபிள்ளைகள்கூடப் பழகினார்கள். அன்றைக்கு அந்த அறிவு உயிர் காத்தது. 2009 இல் போர் முடிந்த பிறகு நிலைமை மாறிவிட்டது, உடம்பு அதை இன்னும் முழுதாக அறியவில்லை. கோயில் திருவிழா வெடிக்கு உடல் உதறுகிறது. முன்பின் தெரியாத ஒரு வாகனம் ஒழுங்கையில் நின்றால் மூச்சு அடைக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று சொல்வது கொடுமை. நன்றாகக் கற்ற ஒரு பாடம் அது, கற்ற களம்தான் இப்போது இல்லை.

அதனால் உடம்பு எச்சரிக்கும்போது, ஆபத்து கண்முன்னால் இல்லை என்றால், நின்று மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: இந்த இடத்தில், இப்போது, எதைக் கண்டு இது வந்தது? பதிலாக ஒரு பொருள், ஒரு சத்தம், ஒரு மாற்றம் கிடைத்தால் போய் அதைப் பாருங்கள். பதிலாகப் பழைய ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தால், அது பழைய பயமாக இருக்கலாம். இன்னொரு வேறுபாட்டையும் நான் கவனித்திருக்கிறேன். பழகிய அறிவு பெரும்பாலும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். பயம் விடாது, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும், பெரிதாக்கிக்கொண்டே போகும். இது எப்போதும் பொருந்தும் விதி ஆகாது, ஆனாலும் கைகொடுக்கும்.

நித்திரை இல்லாமல், எந்தச் சத்தத்துக்கும் உதறிக்கொண்டு நாட்கள் போகின்றன என்றால் அது பயிற்சியால் தீர்க்கும் விடயமல்ல. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

"வேண்டாம்" என்ற குரலும் "போ" என்ற குரலும்

இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம். "வேண்டாம்" என்று உள்மனம் சொல்லி, அதைக் கேட்பதால் போவது அரை மணி நேரமோ ஒரு பஸ் காசோ என்றால், காரணம் தேடாமல் கேட்டுவிடுங்கள். காட்டுப் பாதை, இருட்டிய பிறகு முன்பின் தெரியாதவரின் வாகனம், மழைக்குப் பிறகு பாய்ந்து ஓடும் வாய்க்கால், எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

பிள்ளையின் காய்ச்சல் இதில் முதன்மையானது. பெல்ஜியத்தில் 3,890 பிள்ளைகளை வைத்து நடந்து 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனையில் பாரதூரமாக எதுவும் தெரியாத நிலையிலும் மருத்துவருக்கு "ஏதோ சரியில்லை" என்று தோன்றியது கடுமையான தொற்றுக்கு முக்கியமான குறியாக அமைந்தது. அந்தத் தோற்றத்தைத் தூண்டியவற்றில் பிள்ளையின் சோர்வும் சிரிக்காமையும் மட்டுமல்ல, பெற்றோரின் கவலையும் இருந்தது. "பிள்ளை வழமை மாதிரி இல்லை" என்று தாய் சொல்வது பெறுமதியான தகவல். அதை வைத்தியசாலையில் தயங்காமல், குறியோடு சொல்லுங்கள்: சிரிக்கவில்லை, பால் குடிக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டமாக இருக்கலாம் என்பதால், சூடு குறைந்தும் பிள்ளை சோர்ந்தே கிடந்தால் பொறுக்க வேண்டாம். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990.

"போ, ஒன்றும் நடக்காது" என்ற குரலுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மிதிவெடி. அகற்றி முடிக்காத நிலம் இன்னும் இருக்கிறது. இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, அகற்றும் பணி தொடர்கிறது, அந்தப் பணியில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். வருடக்கணக்காக இதே வேலை செய்யும் அவர்களும் "இது வெறும் தகரத் துண்டு" என்று தோன்றுவதை நம்புவதில்லை. ஒவ்வொரு சமிக்ஞையையும் வெடியாகவே கருதி, முறைப்படி மண்ணை எடுக்கிறார்கள். பிழைத்தால் திருத்த முடியாத இடத்தில் விதிதான் பேச வேண்டும். விறகுக்கோ பாலைப்பழத்துக்கோ போகும்போது எச்சரிக்கைப் பலகையையோ சந்தேகமான பொருளையோ கண்டால், வந்த அடியிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

இரண்டாவது, பெரிய காசு. காணியை ஈடு வைத்து முகவருக்குக் கொடுப்பதும் நுண்கடனில் கையெழுத்து வைப்பதும் பெரும்பாலும் ஒரு நல்ல உணர்வோடுதான் தொடங்குகின்றன. வந்தவர் மரியாதையாகக் கதைத்தார், எங்கள் ஊர்க்காரரைத் தெரிந்திருந்தார், மனம் நம்பிவிட்டது. அந்த உணர்வை உண்டாக்குவதுதான் அவர் தொழில். அவர் அதில் பழகியவர், நீங்கள் புதியவர். "இண்டைக்கே முடிக்க வேணும்" என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரத்தையே குறியாக எடுங்கள். கையெழுத்துக்கு முன் வீட்டில் எல்லோரும் இருந்து ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்த முயற்சி படுதோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள். இதுவும் கிளைன் பரப்பிய முறைதான். "தோற்குமா?" என்று கேட்டால் வாய் மூடியிருப்பவர்கள், "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் மனதில் உறுத்துவதைச் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

நிலம் மாறும்போது

பழகிய களத்திலும் உள்ளுணர்வு கைவிடும் நேரம் ஒன்று உண்டு: களமே மாறும்போது. 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையில் கடலோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அப்படியோர் அலை பழக்கத்தில் இருக்கவில்லை. வாடைக் காற்றையும் சோளகக் காற்றையும் அறிந்த கண்ணுக்கு அதை அடையாளம் காண எந்த அமைப்பும் இருக்கவில்லை. 2018 டிசம்பரில் குறுகிய நேரத்தில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தவித்தன. இதுவரை தண்ணீர் ஏறாத வளவு என்ற நினைப்பு அந்த இரவில் உதவவில்லை. மழை வரும் காலமும் அளவும் தடுமாறும் இந்த நாட்களில், வானத்தைப் பார்த்துச் சொல்லும் பெரியவரின் அறிவோடு வானிலை அறிவித்தலையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், வெள்ள விடயத்தில் கூடுதல் ஆபத்தைச் சொல்வதன் பக்கம் நில்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

உங்கள் கொப்பி இங்கேயும் உதவும். முன்பு நன்றாகப் பலித்த ஒரு குறி இப்போது அடிக்கடி பிழைத்தால், அதை முதலில் காட்டுவது அந்த வரிகள்தான். பிழைத்த ஊகங்களைத் தனியாக அடையாளமிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை அவற்றை மட்டும் வாசியுங்கள். ஒரே குறியால் ஏமாந்திருந்தால் அந்தக் குறியின் எடையைக் குறையுங்கள்.

கூடி முடிவெடுக்கும்போது

கமக்கார அமைப்புக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோ, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதோ பேசப்படும்போது, தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் உள்மனம் அத்தோடு மௌனமாகிவிடும். மடைக்குப் பக்கத்தில் வயல் உள்ளவர் அறிந்ததை வாய்க்காலின் கடைசியில் உள்ளவர் அறியார். கடைசியில் உள்ளவர் அறிந்தது தலைவருக்குத் தெரியாது. எனவே கதை தொடங்க முன் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, தன் கணிப்பையும் ஒரு காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவருக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். துண்டுகளைச் சேர்த்து உரக்க வாசித்த பிறகு விவாதிக்கட்டும். வாசிக்கும் வரிசையில் வயதில் இளையவரின் துண்டை முதலில் எடுங்கள். மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்கும் கணிப்பு எதுவோ அதை எழுதியவரிடம், மேலே சொன்ன நான்கு கேள்விகளில் முதல் இரண்டையும் கேளுங்கள். அறுவடை முடிந்ததும் அதே துண்டுகளை எடுத்து, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் எழுதி, அடுத்த போகக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.